இரண்டாவது பிரேக்

"பிரேக் போட்டது நான், மேடம். நீங்க இல்ல," என்றார் லைசன்ஸ் தேர்வு அதிகாரி.

வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டி, நட்டநடுச் சந்திப்பில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றிருந்தது. அவள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். அது பிரேக்கின் மேல்தான் இருந்தது.

"போட்டேனே சார்!"

"தொட்டீங்க. தொட்டா நிக்க இது என்ன லிஃப்ட் பட்டனா? அழுத்தணும். யாரு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

சொல்லிக்கொடுத்தவர் எதிர்ச் சாலையோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர். இந்தப் பயிற்சி வண்டியின் சொந்தக்காரர். அவளுடைய கணவர்.

பயிற்சி வண்டியில் பிரேக் இரண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்காருபவர் காலடியில் ஒன்று. அங்கே அழுத்தினால் இங்கேயும் இறங்கும். இத்தனை மாதமாக அவள் கால் போய்ச் சேர்வதற்குள் பெடல் முக்கால்வாசி இறங்கித்தான் இருந்தது. இந்த வண்டியின் பிரேக்கே இப்படி மெத்தென்று இருக்கும்போல என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தளும்பாமல் வண்டியை நிறுத்துகிறோமே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. இப்போது அந்தப் பெருமையை நினைத்தபோதுதான் அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

அவள் வேலை பார்க்கும் பிசியோதெரபி நிலையத்தில், வீடுகளுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கும் பிரிவு ஒன்று தொடங்குகிறார்கள். பொறுப்பு அவளுக்குத்தான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இத்தனை வருடம் யார் யார் கீழேயோ கைகட்டி நின்ற பிறகு, முதல்முறையாக அவளை நம்பி ஒன்று வருகிறது. லைசன்ஸ் மட்டும் மாதக் கடைசிக்குள் வேண்டும். பக்கத்து மேசைக்காரியிடம் லைசன்ஸ் தயாராக இருந்தது. இவள் ஃபெயில், அதற்குள் மிச்சமிருப்பது இன்னும் ஒரே ஒரு தேர்வு.

மறுநாள் நிலையத்தில், இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் ஒருவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய மகன் அப்பாவின் அக்குளில் கையைக் கொடுத்து, தூக்காத குறையாகப் பிடித்திருந்தான். "கையை விடுங்க சார். நீங்களே தாங்கிட்டா அவர் காலுக்கு என்ன வேலை?" என்றாள். தினமும் யாரிடமாவது சொல்கிற வசனம்தான். அன்றைக்குக் குரல் எகிறிவிட்டது. மகன் மிரண்டு கையை எடுத்தான். பெரியவரும் மிரண்டு, நடந்தே விட்டார்.

மத்தியானம் தங்கை கைப்பேசியில் ஒரு கேள்வித்தாளை அனுப்பியிருந்தாள். 'உங்கள் துணையின் காதல் எந்த வகை?' உருகும் காதல், விளையாட்டுக் காதல், நட்பில் ஊறிய காதல், கணக்குப் பார்க்கும் காதல், பித்துப் பிடித்த காதல், தன்னையே கொடுக்கும் காதல் என்று கடை விரித்திருந்தார்கள். தங்கை கணவர் உருகும் ரகம். மூச்சுக்கு மூச்சு செல்லம், தங்கம். குடித்த டம்ளரை மட்டும் கழுவ மாட்டார். இவள் வீட்டில் செல்லமும் கிடையாது, தங்கமும் கிடையாது. செருப்பு வார் அறுந்துபோகும் முன்பே தைத்து வைக்கப்பட்டிருக்கும். மழை வந்த பிறகுதான் பையில் குடை இருப்பதே அவளுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பிரேக் போடும் காதலுக்கு அந்தக் கேள்வித்தாளில் கட்டம் இல்லை. அவள் எதையும் தொடாமல் மூடி வைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் கணவர் அவளுடைய ஃபிளாஸ்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட கத்துக்கிறவங்க எல்லாரும் பாஸ் ஆகுறாங்களே, அவங்களுக்கும் இப்படித்தான் போடுவீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"முட்டப் போற வரைக்கும் விட்டுடுவேன். பயம் வந்தாத்தான் கால் போகும்."

"எனக்கு மட்டும் என்ன?"

அவர் மூடியைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். "உனக்குப் பயம் வர்றதுக்கு முன்னாடி எனக்கு வந்துடுது."

இன்னொருத்தியாக இருந்தால் இந்தப் பதிலில் உருகியிருப்பாள். அவளுக்கு அந்த ஃபிளாஸ்கைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. கோபித்துக்கொள்ளக்கூட இடம் வைக்காத மனுஷனோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துவது?

"உங்க பயத்துக்கு நான் ஏங்க ஃபெயில் ஆகணும்?" என்றாள்.

அவள் அப்போதே தங்கை கணவரைக் கூப்பிட்டு அவருடைய காரைக் கேட்டாள். "அக்கா, உங்களுக்கு இல்லாததா! என் உயிரையே எடுத்துக்குங்க!" என்றார் அவர். கார் வந்தது, பெட்ரோல்தான் இல்லை.

பெட்ரோல் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் கணவரும் கிளம்பினார்கள். அது சாதாரணக் கார். அவர் பக்கத்தில் பெடல் எதுவும் இல்லை, தரையில் வெறும் ரப்பர் மிதியடி. முதல் திருப்பத்திலேயே அந்த மிதியடியில் தொப்பென்று ஒரு சத்தம். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். அடுத்த வேகத்தடையில் மறுபடியும் தொப். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கால் தடுமாறியது. யாரோ போட்டுவிட்டார்கள் என்று அது பாட்டுக்குச் சும்மா இருக்கப் பார்த்தது.

ஓரமாக நிறுத்தினாள்.

"ரெண்டு காலையும் சீட்டு மேல வைங்க."

"என்னது?"

"சம்மணம் போட்டு உக்காருங்க. இல்ல, இங்கயே இறங்கி வீட்டுக்கு நடங்க."

அவர் குனிந்து ஷூவைக் கழற்றி, இருக்கையில் கால்களை மடித்து உட்கார்ந்தார். பின்னால் வந்த ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

பெரிய சந்திப்பு இறக்கத்தில் இருந்தது. சிக்னல் சிவப்புக்கு மாறியது. முன்னால் ஒரு லாரியின் முதுகு விறுவிறுவென்று பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் மூச்சு விடும் சத்தம் கேட்கவில்லை. அவளுக்குப் பயம் வந்தது. கால் போனது. பெடல் கல்லாக எதிர்த்தது. வண்டியின் மொத்தக் கனமும் ஒரே பாதத்தில் வந்து நிற்பதை அவள் வாழ்க்கையில் முதல்தடவையாக உணர்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். தூக்கிப் போடுகிற மாதிரி ஒரு குலுக்கல். வண்டி நின்றது. லாரியின் பின்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில். ஆனாலும் நின்றது.

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கைகள் மடியில் இருந்தன. முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். மடித்த காலில், சாக்ஸுக்குள், கட்டைவிரல் மட்டும் இன்னும் அழுந்தியபடியே இருந்தது.

சிக்னல் பச்சைக்கு மாறியது.