நூறடி தள்ளி

நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே மெஷினைப் பழுது பார்க்கப் போயிருந்தேன். வேலை பத்து மணிக்குத்தான். ஏழு மணிக்கே ஷூவை மாட்டிக்கொண்டு விடுதி வாசலில் நின்றேன். கிளீவ்லாந்திலிருந்து என் மனைவி யோலாண்டா போனில் வழக்கமான பல்லவியை ஆரம்பித்தாள்.

"லவெல், பளிச்சுனு சட்ட போட்டியா?"

"போட்டேன்."

"பாக்குறவங்களுக்கெல்லாம் கை காட்டு. தொப்பிய மூஞ்சிக்கு இழுத்து விடாத. பொம்பளைங்க யாராவது முன்னாடி ஓடினா..."

"தள்ளிப் போறேன். இருபது வருஷமா தள்ளித்தான் போறேன்."

"கோவத்த என்கிட்ட காட்டு, அங்க காட்டாத. முழுசா வந்து சேரு, போதும்."

நான் கறுப்பன். ஆறடி இரண்டங்குலம். ஒன்பது மாரத்தான் ஓடியிருக்கிறேன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ள முடியாது. தெரியாத ஊரில் நான் ஓடுவதைப் பார்த்தால், இவன் எதை எடுத்துக்கொண்டு ஓடுகிறான் என்றுதான் சிலருக்கு முதலில் தோன்றும். அதனால் எனக்கு அது பாதி ஓட்டம், பாதி நாடகம். நாய்க்கும் காலை வணக்கம் சொல்வேன். ஒரு ஜன்னல் திரை அசைந்தாலும் பல் தெரியச் சிரிப்பேன். பெரிய சலிப்புதான். ஆனாலும் ஓடாமல் இருக்க முடியவில்லையே.

பத்து நிமிஷத்தில் ஊர் முடிந்துவிட்டது. சரளை ரோடு, இரண்டு பக்கமும் ஆளுயர மக்காச்சோளம். நூறடி முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்த்த வேகத்தில் நான் ரோட்டின் மறு ஓரத்துக்குத் தாண்டினேன்.

அவள் வேகத்தைக் குறைத்தாள். நானும் குறைத்தேன். முந்திப் போய்விடலாம்தான். ஆனால் முந்துகிறவன் "இடது பக்கம் வர்றேன்" என்று குரல் கொடுப்பது ஓடுகிறவர்களின் மரியாதை. ஆளில்லாத காட்டில் என் குரல் அவளுக்கு மரியாதையாகவா கேட்கும்? குனிந்து, கட்டியிருந்த லேஸை அவிழ்த்துக் கட்டினேன். நிமிர்ந்தால் அவளும் நின்று காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி ஓடினோம். மறுபடி அவள் மெதுவானாள். மறுபடி நான் லேஸைக் கட்டினேன். இதென்னடா கூத்து என்று எனக்கே எரிச்சல் வந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து சாம்பல் நிறப் பிக்கப் வண்டி ஒன்று வந்தது. என் அருகில் ஊர்ந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன். அந்தப் பக்கத்து ரோடுகளில், வண்டி ஓட்டுகிறவன் யாரைப் பார்த்தாலும் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்குவான். இவன் தூக்கவில்லை. அவளையும் கடந்து போய், அடுத்த சந்திப்பில் திரும்பி வந்தான். இன்னொரு முறை போனான், வந்தான்.

என்னைத்தான் நோட்டம் விடுகிறான். திரும்பி ஊருக்கு ஓடினால் தப்பித்து ஓடுவதாக ஆகிவிடும். நின்றால் பதுங்குகிறேன் என்பான். மூன்றாம் முறை அவன் அவள் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"ஏம்மா, அந்தாளு உன் பின்னாடியே வர்றானே, தொந்தரவு பண்றானா? வண்டியில ஏறு. நான் கொண்டுபோய் விடுறேன்."

கைகளை உடம்பிலிருந்து விலக்கி, விரல்களை விரித்துக்கொண்டு நின்றேன். அவள் 'ஆமாம்' என்று தலையாட்டினால் போதும். அப்புறம் நான் என்ன சொன்னாலும் எடுபடாது. முழுசா வந்து சேரு என்றாளே யோலாண்டா.

அவள் அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தொந்தரவா? அவரு எங்க வீட்டுக்காரரு!"

"இவனா?"

"இவரேதான்." என் பக்கம் திரும்பிக் கத்தினாள். "என்னங்க, இங்க வாங்க! லேஸ் கட்டுறேன், லேஸ் கட்டுறேன்னு எத்தன தடவ நிப்பீங்க? பொண்டாட்டியோட ஓட வந்தா கூட ஓடணும்னு தெரியாதா?"

பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவனின் நாக்கு தானாகவே பதில் சொன்னது. "நீ வேகமா போனா நான் என்ன பண்ண?"

அவன் நம்பவில்லை. "சரி, உம் புருஷன் பேரு என்ன?"

என் பேர் அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் போனை எடுத்து அவன் வண்டி நம்பருக்கு நேராகப் பிடித்தாள்.

"மொதல்ல உம் பேரச் சொல்லு. காலையில இருந்து சுத்திச் சுத்தி வர்றியே, அது எதுக்குன்னும் சொல்லு."

அவன் வெளியே காறித் துப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினான். சரளை தெறித்தது. தூசி அடங்கியதும் ரோட்டைத் தாண்டி அவள் பக்கத்தில் போனேன்.

"ரொம்ப நன்றிங்க," என்றேன். "என் உயிரக் காப்பாத்திட்டீங்க."

"உங்க உயிரா?" அவள் இன்னும் போனை இறக்கவில்லை. "அவன் சுத்துனது என்னைத்தாங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ நிறுத்தி, ஏறு ஏறுன்னான். இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது. மாநாட்டுக்கு வந்தவ. நீங்க கிட்ட வரட்டும்னுதான் நின்னு நின்னு ஓடினேன். நீங்க என்னடான்னா..."

"உங்கள பயமுறுத்தக் கூடாதுன்னு..."

"மொத தடவ திரும்பினப்ப பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நீங்க அந்த ஓரத்துக்குப் போனீங்க பாருங்க, இப்பிடி ஒதுங்குறவரு கெட்டவரா இருக்க மாட்டாருன்னு தோணுச்சு. ஆனா ஒவ்வொரு தடவ நீங்க குனிஞ்சு லேஸ் கட்டும்போதும், ஐயோ, இவரும் விட்டுட்டுப் போயிருவாரோன்னு உசுரே போயிருச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் நல்லவன் என்று காட்டுவதிலேயே குறியாக இருந்திருக்கிறேன். ஒருத்தி உதவிக்கு ஏங்குகிறாள் என்பது கண்ணில் படவில்லை.

வந்த வழியே திரும்பினோம். திரும்பிப் பார்த்தபோது, பின்னால் தூரத்துச் சந்திப்பில் அந்த வண்டி எங்களைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. ஊர் வந்து சேரும்வரை நான் அவளைவிட்டு ஓரடிகூட விலகவில்லை.