பதினேழாவது குழியில் ஃபெர்கஸ்

"நாளைக்குக் காலையில ஆளுங்க வந்துடுவாங்க," என்றார் டேவி, முதல் குழிக்கான மேட்டில் குனிந்து பந்தை வைத்தபடி. "மத்தியானத்துக்குள்ள மண்ணைப் போட்டு மூடி, மேல புல்லும் பதிச்சிடுவாங்க. செப்டம்பர்ல சாம்பியன்ஷிப் ஆட வர்றவனுக்கு அங்க ஒரு பள்ளம் இருந்ததே தெரியாது."

மர்டோ தலையை ஆட்டினார். நன்றி சொல்லவேண்டிய இடம்தான். வாய் வரவில்லை.

மூட இருந்தது பதினேழாவது குழிக்கு வலப்பக்கம் உள்ள மணற்பள்ளம். ஆர்ட்நெஸ் கோல்ஃப் மைதானத்தில் மணற்பள்ளங்களுக்கு எண் கிடையாது, பெயர்தான். யார் அதில் சிக்கி ஊர் பார்க்க மானத்தை விட்டாரோ, அவர் பெயரே அதற்கு. பலகை நடுவதில்லை, எங்கும் எழுதி வைப்பதில்லை. அன்று சாயங்காலம் சங்கத்து மது அறையில் யாராவது ஒருவர் சொல்வார், மறுநாள் ஊரே சொல்லும். பதினேழாவதில் அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் ஃபெர்கஸ். மர்டோவின் ஒரே மகன். பத்தொன்பது வயதில், சொந்த ஊர்ச் சாம்பியன்ஷிப்பின் கடைசி நாளில், எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தவன் அங்கே விழுந்தான். ஏழாவது அடியில்தான் பந்து வெளியே வந்தது. அன்று மது அறையில் அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, டேவிதான்.

அதற்குப் பிறகு பல வருடம் மர்டோ டேவியின் முகத்தில் விழிக்கவில்லை. ஃபெர்கஸ் அந்தக் குளிர்காலத்துக்குள் கனடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். பெயர்தான் பையனை ஊரைவிட்டுத் துரத்தியது என்பது மர்டோவின் கட்சி. வருடா வருடம் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அந்தப் பெயரை எடுக்கச் சொல்வார். எழுதாத பெயரை எங்கே போய் அழிப்பது என்று கூட்டம் விழிக்கும். இந்தப் பிப்ரவரியில் கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது. பனிச்சாலை, சறுக்கிய லாரி, அவ்வளவுதான். மருமகள் அங்கேயே தகனம் செய்து, அவனுக்குப் பிடித்த மலையில் சாம்பலைத் தூவிவிட்டாள். ஆர்ட்நெஸ் கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு ஒரு கல்கூட இல்லை. இப்போது சங்கத் தலைவராக இருக்கும் டேவி துக்கம் கேட்க வந்தார். வாசலிலேயே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "பள்ளத்தையே மூடிடறேன் மர்டோ. பள்ளம் இல்லன்னா பேரும் இல்ல," என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் விட்டார். மூடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை சேர்ந்து ஆடத்தான் இன்றைய ஆட்டம்.

முதல் குழியில் மர்டோவின் பந்து நேராகப் போனது. எழுபது தாண்டியவர் இதை அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார், அனுபவம் என்பார். இரண்டாவதில் அனுபவம் கைவிட்டது. மூன்றாவதில் டேவியின் பந்து 'பாதிரியார்' என்னும் பள்ளத்தில் விழுந்தது.

"நாசமாப் போன பாதிரியாரே! உனக்கு நான் என்னய்யா பாவம் பண்ணேன்?" என்று மணலைப் பார்த்துக் கத்தினார் டேவி.

அந்தப் பாதிரியார் யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. செத்து நூறு வருடம் இருக்கும். இன்னும் தினம் நாலு பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். மர்டோவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி ஏனோ அது நின்றுவிட்டது.

நாலும் ஐந்தும் மஞ்சளாய்ப் பூத்த முட்புதர்களை ஒட்டிப் போகிற குழிகள். அங்கே ஒதுங்கிய பந்தைத் தேடக் கையை விட்டால் ரத்தம்தான் மிச்சம். ஆறாவதில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, காற்று பந்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். எல்லாவற்றிலும் நீளமான ஏழாவது மர்டோவின் மூச்சை வாங்கியது. எட்டாவதில் டேவி தோற்றார். தோற்றதில் சந்தேகம் தட்டியது. மனிதர் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறார்.

"டேய், எனக்குப் பிச்சை போடறியா?" என்றார் மர்டோ.

"உனக்கா? உனக்கு நான் ஒரு தீக்குச்சி கூடப் போடமாட்டேன். முதுகு பிடிச்சிக்கிச்சு, அதான்."

ஒன்பதாவது முடிந்ததும் தகரக் கொட்டகையில் கடை போட்டிருக்கும் அம்மா ஊற்றிய பருப்பு சூப்பை நின்றுகொண்டே குடித்தார்கள். போகும் ஒன்பதில் முதுகைத் தள்ளிய காற்று, ஊர்ப்பக்கம் திரும்பும் ஒன்பதில் முகத்தில் அறையும். சாம்பியன்கள் அழுவது அங்கேதான். முன்னால் ஒரு வெளியூர்த் தம்பதி ஆமை வேகத்தில் ஆடிக்கொண்டு போனார்கள். பத்தாவதிலும் பதினொன்றாவதிலும் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டாவதில் மர்டோ பந்தைத் தொலைத்தார். பதின்மூன்றில் மழை பிடித்தது.

பதினான்காவது குழிக்கான மேட்டில் ஏறினால் வீட்டுக் கூரை தெரியும். மனைவி எல்ஸ்பெத் உள்ளே இருப்பாள். பிப்ரவரியிலிருந்து அவள் மகனின் பெயரைச் சொன்னதில்லை. 'நம்ம பையன்' என்பாள், பிறகு அதுவும் போய் 'அவன்' என்பாள், இப்போது அதுவும் இல்லை. மர்டோவும் சொல்வதில்லை. சொன்னால் அவள் உடைந்துவிடுவாள் என்று இவருக்குப் பயம், இவர் உடைந்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். முன்பெல்லாம் ஆட்டம் முடிந்து வாசலில் காலடி வைத்ததும், "இன்னிக்கு எங்க கோட்டை விட்ட?" என்று கேட்பாள். இப்போதும் கேட்கிறாள், பழக்கதோஷத்தில். பதிலைக் காதில் வாங்குவதில்லை.

பதினைந்தில் மழைக்கு முதுகைக் காட்டி நின்றபோது டேவி திடீரென்று பேசினார்.

"அந்தப் பேரை நான் வச்சிருக்கக் கூடாது மர்டோ."

"விடு. அதான் மூடப்போறியே."

"ஒண்ணு சொல்லணும். அவன் லீவுல வரும்போதெல்லாம் மது அறைக்கு வருவான் இல்ல? வந்ததும் முதல்ல என்கிட்டதான் வருவான். 'என் வீடு எப்படி இருக்கு டேவி? ஒழுங்கா மணல் போடறீங்களா?'ன்னு கேப்பான். அப்புறம் எல்லாருக்கும் வாங்கிக் கொடுப்பான். நீ கோவப்படுவேன்னு உன்கிட்ட சொல்லல."

மர்டோ பந்தை அடித்தார், எங்கே போனது என்றும் பார்க்கவில்லை. பையனுக்குப் பெயர் வலிக்கவில்லையா? அப்படியென்றால் வலித்தது எது? சாம்பியன்ஷிப் கைவிட்டுப் போன அன்று மைதானத்திலிருந்து வீடு வரை மர்டோ மகனுக்கு முன்னால் நடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் ஈரச் சப்பாத்துச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்திருக்கலாம். தோளில் ஒரு கை போட்டிருக்கலாம். அதைச் செய்யாமல், இத்தனை வருடமும் ஒரு பள்ளத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பதினாறாவது குட்டையான குழி, எதிர்க்காற்றில் ஏற்றம். இருவரும் அடித்து முடித்துப் பதினேழாவது மேட்டுக்கு வந்தபோது, ஜேசிபி தயாராக ஓரமாய் நின்றிருந்தது. பக்கத்தில் சுருட்டி அடுக்கிய புல்பாளங்கள். வெளியூர்த் தம்பதி இன்னும் அங்கேயே இருந்தார்கள். அந்தப் பெண் பள்ளத்துக்குள் இருந்தாள், தலைகூட வெளியே தெரியவில்லை. மணல் மட்டும் மேலே எழும்பி எழும்பி விழுந்தது.

"என்னை விடு ஃபெர்கஸ்!" உள்ளேயிருந்து அவள் குரல் சிரிப்பும் ஆத்திரமுமாக வந்தது. "விடுடா, நான் ஊருக்குப் போகணும்!"

"அவன் விடமாட்டான்," என்று மேலே நின்ற கணவன் சிரித்தான். "கொட்டகைக்காரம்மா அப்பவே சொன்னாங்கல்ல, ஃபெர்கஸ்கிட்ட மட்டும் போகாதீங்கன்னு?"

"இதோ வந்துட்டேன்! தோத்துப்போனியா ஃபெர்கஸ்?"

டேவி முகம் வெளுத்து, அவர்களை நோக்கிக் கை உயர்த்தினார். "இரு, நான் போய்ச் சொல்லிட்டு..."

"சும்மா இரு," என்றார் மர்டோ.

அவன் போய்ச் சேர்ந்த இந்த மூன்று மாதத்தில் மகனின் பெயரை ஒரு மனிதக் குரல் உரக்கச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இரங்கல் குரலில் இல்லை. உயிரோடிருக்கும் ஒருவனைக் கூப்பிடுகிற குரலில். அவர்கள் குழியில் நட்ட கொடியை நோக்கி நகரும்வரை மர்டோ அசையாமல் நின்றார்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் குழியில் அவர் இடப்பக்கம்தான் அடிப்பார். ஊருக்கே தெரியும். இன்று கால்களை வலப்பக்கம் திருப்பி வைத்தார்.

"மர்டோ, எங்க அடிக்கற?"

பந்து போய்ப் பள்ளத்தில் விழுந்தது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே இறங்கினார். மூன்று பக்கமும் புல் சுவர். மேலே வானம் தவிர ஒன்றும் இல்லை. காற்றுச் சத்தம்கூட நின்றுவிட்டது. இங்கேதான் அவன் நின்றிருக்கிறான், பத்தொன்பது வயதில், தன்னந்தனியாக. மேலே அப்பன் நிற்கிறானே என்று நினைத்திருப்பான். மர்டோ ஓங்கி அடித்தார். பந்து சுவரில் மோதிக் காலடிக்கே திரும்பியது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. பிறகு மட்டையைக் கீழே போட்டுவிட்டு, மணலில் உட்கார்ந்து அழுதார். சத்தமாகவே அழுதார்.

டேவி விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். "ஏறி வா மர்டோ. கையைக் கொடு. நாளையோட இது ஒழிஞ்சிடும்."

"மூடாத."

"என்ன?"

"இதை மூடாத டேவி."

"நீ கேட்டதுதானேய்யா! இத்தனை வருஷமா கேட்டியே! கமிட்டி என்னைத் தூக்குல போடும்."

"போடட்டும்." மர்டோ மூக்கைச் சிந்திக்கொண்டார். "மூடிட்டா அப்புறம் அவன் பேரை யாருடா சொல்லுவா?"

டேவி எழுந்தார். பிறகு விளிம்பில் கிடந்த மணல் வாரியை எடுத்து உள்ளே நீட்டினார். பள்ளத்தைவிட்டு வெளியேறுகிறவர் தன் காலடித் தடத்தைச் சமன் செய்துவிட்டு வரவேண்டும், அதுதான் வழக்கம். மர்டோ மணலை அவசரப்படாமல் வாரினார். பிள்ளைக்குப் படுக்கை தட்டிப் போடுவதுபோல, ஓரம்வரை சுருக்கம் இல்லாமல் வாரினார். பந்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஏறினார். பதினெட்டாவதில் யார் ஜெயித்தார்கள் என்று இருவருமே பார்க்கவில்லை. டேவி ஜேசிபிக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார், வரவேண்டாம் என்று.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அடுப்படியிலிருந்து எல்ஸ்பெத்தின் குரல் வந்தது. "இன்னிக்கு எங்க கோட்டை விட்ட?"

சப்பாத்தில் ஒட்டிய மணலோடு மர்டோ நடையிலேயே நின்றார்.

"பதினேழுல. ஃபெர்கஸ்கிட்ட மாட்டிக்கிட்டேன்."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவர் பயந்துபோனார். எல்ஸ்பெத் கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படிக்கு வந்தாள், அவர் காலில் ஒட்டிய மணலையும் சிவந்த கண்ணையும் பார்த்தாள்.

"ஃபெர்கஸ் உன்னைச் சீக்கிரம் விட்டிருக்க மாட்டானே," என்றாள்.