திருடன் பை

என் மனைவி ஒலியை வைத்துப் பார்க்கிறவள். சும்மா சொல்லவில்லை, அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். மசித்த சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து விற்கிற கம்பெனியில், பையின் வாய் சூட்டில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்கிற மெஷின் அவள் பொறுப்பு. காதுக்குக் கேட்காத ஒலியை அது ஒட்டின ஓரத்தின் வழியாக அனுப்பும். நன்றாக ஒட்டியிருந்தால் ஒலி அந்தப் பக்கம் போய்ச் சேரும், பச்சை விளக்கு எரியும். நடுவில் மயிரிழை அளவுக்குக் காற்று இருந்தாலும் ஒலி அங்கேயே நின்றுவிடும். அப்போது சிவப்பு. அந்தப் பை கழிவுத் தொட்டிக்குப் போகும்.

அந்த மெஷினைப் பற்றிப் பேசிய அளவுக்கு அவள் என்னைப் பற்றி எவரிடமும் பேசியிருக்க மாட்டாள். "உன் இன்னொரு புருஷன் இன்னைக்கு எப்படி இருந்தான்?" என்று கேட்பேன்.

"உங்கள மாதிரி இல்ல. சொன்ன பேச்சு கேக்குறான்" என்பாள்.

நான் பஸ் டிரைவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனதோடு ஸ்டியரிங்கும் போயிற்று, மென்று தின்பதும் போயிற்று. பக்கத்தில் வந்தால் மட்டும் கேட்கிற மாதிரி ஒரு குரல் மிச்சம். மூன்று வேளையும் அவள் கம்பெனிப் பைதான் எனக்குச் சாப்பாடு. பெட்டி பெட்டியாக அவளே தூக்கி வந்தாள். "என் கையைத் தாண்டி வந்தது, பயப்படாம சாப்பிடுங்க" என்று சொல்லித்தான் ஒவ்வொரு பெட்டியையும் பிரிப்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. எனக்கும்தான்.

ஒரு நாள் ஒரு பை புளித்தது. சொன்னேன்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் நாக்கு கொஞ்ச நாள் தப்புத் தப்பா சொல்லும்னு டாக்டர் சொன்னாரில்ல?" என்றாள். அவர் சொன்னது உண்மைதான். வெறும் தண்ணீரே கசந்த நாட்கள் உண்டு. "தெனம் காலையில திருடனப் புடிச்சிட்டுத்தான் நாங்க லைனையே ஓட விடுறோம். கெட்ட பை எப்படி வரும்?"

திருடன் என்பது ஒரு பை. வேண்டுமென்றே கெடுத்துச் செய்தது. வாயை ஒட்டும்போது நடுவில் மெல்லிய கம்பி ஒன்றை வைத்து, சூடு ஆறியதும் உருவிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று விழும். வேலை தொடங்கும் முன் அதை மெஷினுக்குள் விடுவார்கள். சிவப்பு எரிந்தால் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். அவள் மெஷின் ஒரு நாளும் திருடனைத் தப்பவிட்டதில்லை.

நான் வாதாடவில்லை. இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்னத்தை வாதாடுவது? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். பிறகும் ஒன்றிரண்டு புளித்தன. அதை நான் சொல்லவேயில்லை. என் நாக்கை நானே நம்பவில்லை என்பது ஒரு காரணம். அவள் முகம் வாடுவதைப் பார்க்க மனம் வரவில்லை என்பது இன்னொன்று.

கடைசியில் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக என்னை ஆஸ்பத்திரியில் கொண்டு போய்ப் போட்டார்கள். "கெட்டுப்போன சாப்பாடு உள்ள போயிருக்கு. ரத்தம் வரைக்கும் பரவியிருக்கு. இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போவேன் என்று பயந்தேன். அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது?

டாக்டர் போனதும் அவள் கூடையிலிருந்து ஒரு பையை எடுத்தாள். எனக்கென்று வீட்டிலிருந்து கொண்டு வந்தது. ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். லேசான பிசுபிசுப்பு. வாஷ்பேசினை அடைத்துத் தண்ணீர் பிடித்து, பையை முக்கி அமுக்கினாள். ஓரத்திலிருந்து சின்னதாக ஒரு குமிழி வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

பையைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அன்னைக்குச் சொன்னீங்களே. அப்புறமும் புளிச்சுதா?"

தலையாட்டினேன்.

"ஏன் சொல்லல?"

பதில் அவளுக்கே தெரிந்திருந்தது. மேலே ஒன்றும் கேட்காமல் பையை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள்.

அங்கே நடந்ததை மறுநாள் என் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னாள். அந்தப் பையை மெஷினுக்குள் விட்டிருக்கிறாள். பச்சை. திருப்பிப் போட்டு விட்டிருக்கிறாள். அப்போதும் பச்சை. திருடனை விட்டதும் பளிச்சென்று சிவப்பு எரிந்திருக்கிறது. "மெஷின் நல்லாத்தானேம்மா இருக்கு" என்று சூப்பர்வைசர் சொல்லும்போதே அவள் திருடனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். தினமும் எடுத்து, அமுக்கி, மேசை டிராயரில் போட்டு, மறுபடி எடுத்ததில், கண்ணுக்கே தெரியாத ஓட்டை நகம் நுழைகிற அளவுக்கு விரிந்து போயிருந்தது.

"மெஷினுக்குக் காது மந்தமாகிக்கிட்டே வந்திருக்குங்க. திருடன் பெருத்துக்கிட்டே வந்திருக்கான். தெனமும் புடிச்சிட்டோம் புடிச்சிட்டோம்னு இருந்துட்டோம். சின்னத் திருடனுங்க எல்லாம் எங்க கண்ணு முன்னாடியே நடந்து போயிருக்கானுங்க."

வெளியே தெரிந்தால் கம்பெனி மானம் கப்பலேறிவிடும் என்று சூப்பர்வைசர் முதலில் தயங்கினாராம். "என் வீட்டுக்காரர் வார்டுல கெடக்கார் சார். இன்னும் யாரு யாரு எங்க கெடக்காங்களோ" என்று இவள் சொன்னதும் போனை எடுத்துவிட்டாராம். லைன் நின்றது. பெட்டிகளைத் திருப்பி வாங்கினார்கள். மெல்ல முடியாதவர்கள் சாப்பிடுகிற சாப்பாடு அது. புளிக்கிறது என்று சொல்லக்கூட முடியாமல் எத்தனை பேர் விழுங்கினார்களோ என்று நினைத்தபோது என் சொந்தப் பயம் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

நான் பிழைத்து வீடு வந்தேன். மெஷினுக்குப் புதுக் காது போட்டார்கள். திருடனை அடிக்கடி மாற்றுகிறார்கள். ஆனாலும் வீட்டில் அவள் ஒவ்வொரு பையையும் தண்ணீரில் முக்கிப் பார்த்துத்தான் வெட்டுவாள். முதல் கரண்டி என் வாய்க்குள் போனதும் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள்.

"புளிக்குதா?"

"இல்ல."

அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வரும்.

அந்தக் காய்ச்சலோடு என் நாக்கு செத்துவிட்டது. புளிப்பும் இல்லை, உப்பும் இல்லை. அவளிடம் சொல்லவில்லை. என் நாக்கை நம்பி ஒருத்தி எதிரே உட்கார்ந்திருப்பது எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு வேளையும் கேட்டாள், ஒவ்வொரு வேளையும் இல்லை என்றேன். ஒரு மத்தியானம் அப்படிச் சொல்ல வாயெடுத்தபோது, டிராயருக்குள் கிடந்த அந்தத் திருடன் நினைவுக்கு வந்தான். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரியல."

"என்ன தெரியல?"

"ருசி. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்தே எதுவும் தெரியல. நீ மண்ணக் கரைச்சுக் குடுத்தாலும் புளிக்கலன்னுதான் சொல்லுவேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கரண்டியை எடுத்து, பையிலிருந்து ஒரு வாய் அள்ளி, தன் வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள். கண்ணோரம் நனைந்திருந்தது.

"புளிக்கல" என்றாள். கரண்டியைத் துடைத்து என் பக்கம் நீட்டினாள். "உப்புதான் கொஞ்சம் கம்மி. சாப்பிடுங்க."