மழையின் தலையில் போட்ட பழி

எங்கள் வீட்டுக்கும் கீழ்வீட்டு நிஸ்தாரின் வீட்டுக்கும் நடுவில் இருந்த மண்மேடு சரிந்து அவருடைய த்ரீவீலை மூடியது. என் கணவர் செபஸ்தியனும் நிஸ்தாரும் ஒரே குரலில் மழையைத் திட்டினார்கள். மழை வந்து மறுத்துப் பேசாது என்ற தைரியம். வண்டி நிறுத்த நிஸ்தார் மேட்டின் அடியை வெட்டியதும், சமையல் கழுவும் குசினித் தண்ணீர் போகும் குழாயை இவர் அந்தப் பக்கம் திருப்பிவிட்டதும் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டோடு எதற்குப் பகை என்று பேசாமல் இருந்தேன்.

சரிவைப் பார்க்க அதிகாரி ஒருவர் வந்தார். அனர்த்தங்களைக் காரணம் பார்த்துத்தான் வகை பிரிப்பார்கள் என்று சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். நிலத்துக்குள்ளிருந்து வருவது ஒரு வகை, மழையும் காற்றும் கொண்டுவருவது ஒரு வகை, மனிதர் கைவைத்து வருவது இன்னொன்று. ஆண்கள் இருவரும் முந்திக்கொண்டு, சந்தேகமே வேண்டாம், மழைதான் என்றார்கள்.

அதிகாரியின் முகம் இறுகியது. வெறும் மழைக்கே இந்தச் சரிவு இளகுகிறதென்றால் இங்கே குடியிருப்பது ஆபத்து, இரண்டு குடும்பமும் வேறு இடம் பார்க்க வேண்டிவரும் என்றார்.

தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை அறையொன்றில் பிறந்தவள் நான். அலுவிகாரையில் இந்தச் சின்ன வீட்டைக் கட்டிய பிறகுதான் சொந்தக் கதவு என்று ஒன்றைச் சாத்தித் தூங்கினேன். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். நிஸ்தார் முந்திக்கொண்டார்.

"சேர், மழையில ஒரு குத்தமும் இல்ல. அடிமண்ண வெட்டினது நான்தான்."

இவர் சும்மா இருப்பாரா?

"அவரு வெட்டினது கொஞ்சம்தாங்க சேர். மண்ண ஊற வச்சது என் பைப்புதான்."

அதன்பிறகு யாருடைய பிழை பெரியது என்று இருவரும் வாதாடத் தொடங்கினார்கள். நிஸ்தார் மண்வெட்டியையே சாட்சிக்கு எடுத்துவந்தார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே ஏறினார். வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று மேல்சரிவு முழுவதும் தேடினார், வெட்டிய இடத்தையும் குழாய் வாயையும் குனிந்து பார்த்தார். மலை உறுதியாகத்தான் இருக்கிறது, இது மனிதர் வேலை என்று இறங்கி வந்தார். குழாயை மாற்றி, கல் அணை ஒன்று கட்டினால் இங்கேயே இருக்கலாமாம்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் செய்த எத்தனையோ பிழைகளுக்குச் சண்டை பிடித்திருக்கிறேன். அவர் பிழை செய்திருந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றுதான்.