திங்கட்கிழமை என்று பதிவானது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. எம்மெட் சமையலறை மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் முடி கெழவா. ரொட்டி கருகுது," என்றாள் அவர் மனைவி லவோன்.

"வாஷிங்டன்காரனுக்கு எழுதறேன். 'மதிப்பிற்குரிய'ன்னு போடணுமா?"

"போடேன். குறைஞ்சா போயிடுவே?"

"என் தலைக்கு மேல இருக்கற காத்தையே விக்கப் போறானுங்க. மரியாதை வேற கேக்குதா?"

அவர் காற்று என்றது ஓர் அலைவரிசையை. உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அரசு விட்டுவைத்திருந்தது அது. அந்தப் பள்ளத்தாக்குக்குக் கேபிள் இழுக்க எந்தக் கம்பெனியும் வரவில்லை. எம்மெட்டும் பக்கத்து வீட்டு ராஸ்கோவும் மலைமுகட்டில் ஆன்டெனா கட்டி, அந்த அலைவரிசையில்தான் எல்லா வீட்டுக்கும் இன்டர்நெட் கொடுத்திருந்தார்கள். இப்போது அதைச் செல்போன் கம்பெனிகளுக்கு ஏலம் விட வாஷிங்டனிலுள்ள தொலைத்தொடர்பு ஆணையம் யோசித்தது. விதி போடுவதற்கு முன் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருந்தது.

"எழுதினா படிப்பாங்களாக்கும்," என்றாள்.

"படிச்சே ஆகணும். சட்டமே அப்படித்தான்."

அனுப்பிவிட்டு இரண்டு கிண்ணம் பீன்ஸ் சாப்பிட்டார். மறுநாள் காலை ஆன்டெனாவில் உறைந்திருந்த பனியைத் தட்டிவிட மலையேறினார். மதியம் ராஸ்கோவும் தீயணைப்புப் படையினரும்தான் அவரைக் கீழே கொண்டுவந்தார்கள். இதயம் நின்றுபோயிருந்தது.

வசந்தம் வந்த பிறகு ஒருநாள் ராஸ்கோ வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செல்போன் கம்பெனிங்களோட சங்கம் ஆணையத்துக்கு எழுதியிருக்கு, லவோன். ஏலம் வேண்டாம்னு வந்த கருத்துல பாதி பொய்யாம். செத்தவங்க பேருல யாரோ அனுப்பினதாம். பேரெல்லாம் போட்டு, தள்ளிடுங்கன்னு கேட்டிருக்காங்க."

"சரி, அதுக்கென்ன?"

"எம்மெட் பேரும் இருக்கு."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஆணையத்தின் அலுவல் ஐந்தரைக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் வருவதெல்லாம் அடுத்த வேலைநாளின் தேதியில்தான் பதிவாகும். எம்மெட் அனுப்பியபோது ஆறு தாண்டியிருந்தது. திங்கட்கிழமை என்று பதிவாகிவிட்டது. இறந்ததோ சனிக்கிழமை.

"விட்டுடு. ஊரே எழுதியிருக்கு. ஒண்ணு போனா என்ன?" என்றார் ராஸ்கோ.

"உன்னோடதுன்னா விட்டுடுவியா?"

"நான் எழுதினதே ரெண்டு வரி. அதுல ஒரு வரி மழையைப் பத்தி."

லவோனுக்குச் சிரிப்பு வந்தது. ராஸ்கோ கிளம்பிய பிறகு, அந்தச் சிரிப்பு வந்ததற்காகவே உட்கார்ந்து அழுதாள். அலைவரிசை யாருக்குப் போனாலும் போகட்டும். அவள் கண்முன்னால் உட்கார்ந்து எழுதிய மனிதரைப் பொய் என்று தள்ள விடக்கூடாது.

ஆணையத்துக்குப் போன் செய்தாள். நெடுநேரம் இசை கேட்டபின் ஓர் இளைஞன் பேசினான்.

"தேதியை சிஸ்டம் போடுது மேடம். எங்களால மாத்த முடியாது."

"வெள்ளிக்கிழமை அவர் உயிரோட இருந்தாருப்பா."

"நான் நம்பறேன் மேடம். ஆனா நான் நம்பறது பதிவுல ஏறாதே. மத்தவங்க கருத்துக்குப் பதில் சொல்ல இன்னும் அவகாசம் இருக்கு. அதுல எழுதி அனுப்புங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "அஞ்சரைக்குள்ள அனுப்பிடுங்க."

முதலில் நீளமாக எழுதினாள். மலை, பனி, இறுதிச் சடங்கில் தேவாலயத்தில் பாடிய பாட்டு எல்லாம் வந்தது. படித்துப் பார்த்து அழித்தாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'எம்மெட் ஸ்டாலர்ட் என் கணவர். அந்தக் கருத்தை வெள்ளிக்கிழமை மாலை என் எதிரே உட்கார்ந்து எழுதினார். அப்போது உயிரோடு இருந்தார். அதைப் படியுங்கள்.' மத்தியானமே அனுப்பிவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் உத்தரவு வந்தது. இருநூறு பக்கத்துக்கு மேல். தினம் கொஞ்சமாக முழுவதையும் படித்தாள். ராஸ்கோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்:

"ஜெயிச்சோமா, தோத்தோமா?"

"பாதியை விக்கறாங்க. பாதி நமக்கு. ஆன்டெனாவை அலைவரிசையோட கீழ்ப்பாதிக்கு மாத்திக்கணும்."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் மறுபடி மலை ஏறணுமா? சரி, எம்மெட்டோடது?"

"அடிக்குறிப்புல ஒரு வரி இருக்கு. சில கருத்துக்கள் உண்மையா பொய்யான்னு ஆட்சேபம் வந்துச்சாம். அதைத் தீர்மானிக்க அவசியம் ஏற்படலையாம்."

"படிச்சாங்களாமா?"

"படிச்சோம்னும் சொல்லல. படிக்கலைன்னும் சொல்லல."

ராஸ்கோ ஆன்டெனாவுக்கு வேண்டிய ஏணியைத் தேடப் போய்விட்டார்.

ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் எம்மெட்டின் கருத்து இன்னும் வருகிறது. அவளுடையது அதன் கீழே இல்லை, எங்கோ நாற்பது பக்கம் தள்ளி இருக்கிறது. அவருடையதில் பெயரும் ஊரும் சரியாகவே இருக்கின்றன. கிடைத்த நாள், திங்கட்கிழமை.