சங்கீதத்தின் ஓரத்தில்

லிஃப்ட் பழுது பார்ப்பது என் வேலை. கோளாறு என்றால் முதலில் தேதியையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆறு மணிக்குக் கடை அடைப்பார்கள். ஆறு இருபதுக்கு வீடு வந்துவிடலாம். அவள் பிந்திய நாளிலெல்லாம், அன்று வேதாகமத்தில் வாசித்த சங்கீதத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதியும் நேரமும் எழுதினேன். 6.40. 6.55. 7.10. யாரோடு நின்றாள் என்பதை மனம் எழுதிக்கொண்டது. ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.

ஞாயிறு ஆராதனையில் அவள் சாட்சி சொல்ல எழுந்தாள். என் வேதாகமத்தைத் தற்செயலாகத் திறந்தாளாம்.

"நான் லேட்டான நாளெல்லாம் தேதி போட்டு, நேரம் போட்டு எனக்காக ஜெபம் பண்ணியிருக்கார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல."

சபை ஸ்தோத்திரம் சொன்னது. நான் தலைகுனிந்தேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். வாசலில் அவளுடைய அண்ணன் என் தோளைத் தட்டினார். "மாப்ள, உங்கள மாதிரி ஜெபம் பண்ணலன்னா இனி எங்க வீட்ல எனக்குச் சோறு கிடையாது."

வீட்டுக்கு வந்ததும் ரப்பரை எடுத்தேன். அழித்துவிட்டால் எதற்காக எழுதினேன் என்று யாருக்கும் தெரியாது. தாள் மெல்லிசு. அழுத்தி எழுதிய தடம் பின்பக்கம் வரை இறங்கியிருந்தது.

முழங்காலிட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. செய்ததை மட்டும் ஆண்டவரிடம் சொன்னேன். சொன்னதும், அடுத்து யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அது ஜெபம் இல்ல. நீ யார்கூட நிக்கிறியோன்னு வேவு பார்த்தேன்."

அவள் கையைத் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு பத்துக்கு வந்த அன்னைக்கு பஸ் வரல. நடந்தே வந்தேன். கேட்டிருக்கலாம்ல."

அன்று குடும்ப ஜெபத்துக்கு அவள் உட்காரவில்லை.

திங்கட்கிழமை. பென்சிலை வேலைப் பையில் போட்டு மூடினேன். ஆறு இருபது தாண்டியது. பழைய எண்ணம் வந்தது; முகமே இல்லாத ஓர் ஆள் அவளோடு நின்றான். இதோ வந்துவிட்டது, ஆண்டவரே, என்றேன். போனது. மறுபடி வந்தது. மறுபடி சொன்னேன். அவள் பத்திரமாக வர வேண்டும் என்று கேட்க அதற்குப் பிறகுதான் முடிந்தது.

கதவு திறந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் திறந்திருந்த அன்றைய சங்கீதத்தின் வெற்று ஓரத்தைப் பார்த்தாள்.

நன்றாகத் தெரியட்டும் என்று புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.