ஜூஸ்கடை மேல் விழுந்த பழி

நகரச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த அந்த ஆய்வாளருக்குத் தெருக்காரர்கள் வைத்திருந்த பெயர் பினாயிலம்மா. சாக்கடை அடைப்பு, கொசு மருந்து, கெட்டுப்போன இறைச்சி, நாய்க்கடி என்று ஊரின் அத்தனை தலைவலியும் அவள் தலையில்தான் வந்து விடியும். அவள் வருவதைக் கண்டால் ஓட்டல்காரர்கள் திறந்து கிடக்கும் பாத்திரங்களை அவசரமாக மூடுவார்கள். மூடியிருக்கும் வாயைத் திறந்து சிரிப்பார்கள். அந்தப் பெயருக்காக அவள் கோபப்பட்டதில்லை. "வாசனையாத்தானே கூப்பிடறாங்க" என்பாள் கணவனிடம்.

அந்த வாரம் பள்ளிக்கூடத் தெருவில் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் ஒன்றாகக் கிளம்பின. முதல் நாள் இரண்டு பேர் குறைந்த வகுப்பில் மறுநாள் பாதி பெஞ்சு காலி. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நிரம்பி, ஒரே கட்டிலில் இருவரைத் தலைமாற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். பினாயிலம்மா வார்டுக்குள் கால் வைப்பதற்குள் நகர நல அலுவலர் போனில் பிடித்துவிட்டார்.

"என்னம்மா, காரணம் தெரிஞ்சுதா? மேல இருந்து குடையறாங்க. மத்தியானத்துக்குள்ள ஏதாவது சொல்லியாகணும்."

"பார்த்துட்டிருக்கேன் சார்."

"பார்த்துட்டே இருந்தா எப்படி? கண்டுபிடிங்க."

இப்படிப்பட்ட நேரத்தில் எப்படி விசாரிக்க வேண்டும் என்பது அவளுக்கு அத்துபடி. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. நோய் வராத பிள்ளைகளையும் கேட்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஆனால் முதல் கட்டிலில் துவண்டு கிடந்த சின்னப் பெண் "ஸ்கூல் கேட்டுக்கிட்ட ஜூஸ் குடிச்சேன்" என்றதும் அவள் மனசு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அடுத்த கட்டிலில், "நீயும் ஜூஸ் குடிச்சியாடா கண்ணா?" என்றுதான் கேட்டாள். வெயில் கொளுத்துகிற காலம். அந்தப் பள்ளியில் ஜூஸ் குடிக்காத பிள்ளை எங்கே இருக்கிறது? எல்லாத் தலையும் ஆமாம் என்று ஆடியது.

பெரியவர்கள் வார்டில் அதே தெருவைச் சேர்ந்த பழைய தபால்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். சர்க்கரை நோயாளி, ஜூஸ்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். 'வயசான காலத்துல எதையாவது தின்னிருப்பார்' என்று நினைத்து அவரைக் கடந்து வந்துவிட்டாள்.

ஜூஸ்கடை ஒற்றை அறை. ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா அதை நடத்தி வந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் மாலையில் வந்து பழம் நறுக்கித் தருவாள். மூலையில் தண்ணீர் டிரம். பினாயிலம்மா அதிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டாள். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும். மாறவில்லை.

"டிரம்மைக் கழுவி எத்தனை நாளாச்சு?"

"தினமும் கழுவறேன் மேடம். இன்னைக்குக் காலையில கூட..."

"கழுவின லட்சணம்தான் தெரியுதே!"

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பிள்ளைகளை அழைத்துப்போக வந்த தாய்மார்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பினாயிலம்மா படியில் நின்று, தெருக்கோடிவரை கேட்கும்படி சொன்னாள்: "இந்தக் கடை ஜூஸ்தான் காரணம். பிள்ளைங்களை இந்தப் பக்கமே விடாதீங்க!"

பழங்கள் கூடை கூடையாகக் குப்பை வண்டிக்குப் போயின. ஷட்டர் இறங்கி, சீல் விழுந்தது. கடைக்காரம்மா அருகே வந்தாள். "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதே மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆகக்கூடாதுன்னு வேண்டிக்கோங்க" என்றாள் பினாயிலம்மா.

கடைக்கு எதிரிலேயே தெருக்குழாய் இருந்தது. விதி என்று ஒன்று இருக்கிறதே என்பதற்காக அதிலும் ஒரு பாட்டில் பிடித்து, டிரம் தண்ணீரோடு சேர்த்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். அங்கேயே மருந்துச் சொட்டு விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. விடைதான் கையில் கிடைத்துவிட்டதே!

நல அலுவலர் சபாஷ் போட்டார். தெருவும் நிம்மதியாக மூச்சுவிட்டது. ஆனால் கடை பூட்டி இரண்டு மூன்று நாளான பிறகும் ஆஸ்பத்திரிக்கு ஆள் வருவது நிற்கவில்லை. தையல்காரரின் மனைவி வந்தாள். இன்னும் நடக்கப் பழகாத ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். அந்தக் குழந்தைக்கு ஜூஸ் ஏது? இரவுச் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே இருந்த பினாயிலம்மாவிடம், "தட்டையும் ஆய்வு பண்ணப் போறியா?" என்றான் கணவன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. "அக்கா, ரெண்டு பாட்டில்லயும் சாக்கடைக் கிருமி. குழாய்த் தண்ணியே கெட்டிருக்கு. அதைப் பிடிச்சு வெச்சதாலதான் டிரம்மும் கெட்டிருக்கு. பாவம், கடைக்காரங்க மேல தப்பே இல்லை."

தெருவைத் தோண்டினார்கள். சாக்கடையை ஒட்டிப் போன குடிநீர்க் குழாய் வெடித்துப் போய், எல்லா அழுக்கையும் உறிஞ்சிக் கொண்டிருந்தது. தண்ணீரை நிறுத்தினார்கள், லாரியில் நல்ல தண்ணீர் வந்தது.

"வண்டியில மைக்கைக் கட்டி, தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிடுங்க. கடையை சத்தம் போடாம திறந்து விட்டுடலாம்" என்றார் நல அலுவலர்.

"சார், அந்தம்மாதான் காரணம்னு நான் நடுத்தெருவுல நின்னு சொல்லியிருக்கேன்."

"அதான் திறந்து விடறோமே! நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

பினாயிலம்மா கிளம்பி, கடைக்காரம்மாவின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது மகள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க."

"ஐயோ, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. தினமும் கட்டில் கட்டிலா போய் மன்னிப்புக் கேட்டுட்டிருக்காங்க. முதல் கட்டில்ல இருக்கற சின்னப் பொண்ணோட தாயார் கால்லயே விழுந்துட்டாங்க. அந்தத் தாயார் காலை உதறிட்டுப் போயிட்டாங்க. நம்ம தப்பு இல்லம்மான்னு நான் சொன்னா, 'ஆபீசரே சொல்லிட்டாங்க, அவங்களுக்குத் தெரியாதா'ங்கறாங்க. சோறு தொண்டையில இறங்கல அவங்களுக்கு."

கடையைப் பூட்டியதற்குத்தான் தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்திருந்தாள் பினாயிலம்மா. தன் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்லை ஒரு மனுஷி இத்தனை நாளும் நெஞ்சில் கல்லாகச் சுமந்துகொண்டு திரிவாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கடைக்காரம்மா குந்தி உட்கார்ந்து, யாரோ ஒரு பிள்ளையின் வாந்தியைத் துடைத்துக் கொண்டிருந்தாள். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை. பினாயிலம்மாவைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"அக்கா, உங்க மேல தப்பில்ல. குழாய் வெடிச்சு சாக்கடைத் தண்ணி கலந்திருக்கு."

கடைக்காரம்மா நம்பவில்லை. "என் மனசு ஆறணும்னு சொல்லாதீங்க மேடம். நீங்கதானே பார்த்தீங்க, தண்ணி மஞ்சளா மாறலியே."

"தெருக்குழாய்த் தண்ணியும் மாறியிருக்காது. நான் விட்டுப் பார்க்கல. ஜூஸ்தான்னு முடிவு கட்டிட்டேன். தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிடுங்கக்கா."

கடைக்காரம்மா கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று பினாயிலம்மா காத்திருந்தாள். திட்டினால் தேவலை போலிருந்தது.

"அப்போ," என்றாள் கடைக்காரம்மா மெதுவாக, "என் கடையைப் பூட்டின பிறகும் எல்லாரும் அந்தத் தண்ணியைத்தானே குடிச்சாங்க? அந்தக் கைக்குழந்தைகூட?"

"ஆமாக்கா" என்றாள் பினாயிலம்மா.

அன்று மாலை மைக் கட்டிய வண்டி பள்ளிக்கூடத் தெருவில் நுழைந்தது. அறிவிப்பைப் படிக்க வந்திருந்த ஊழியரிடமிருந்து மைக்கைப் பினாயிலம்மா தானே வாங்கிக்கொண்டாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள். பிறகு ஜூஸ்கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"மேடம், அறிவிப்புல கடையைப் பத்தி எழுதலியே" என்றார் ஓட்டுநர்.

"எழுதாததைத்தான் சொல்லப் போறேன். நிறுத்துங்க."

மைக்கை வாய்க்கு நேரே பிடித்துப் பேசினாள். "இந்தக் கடைதான் காரணம்னு இதே இடத்துல நின்னு சொன்னது நான். அது தப்பு. சரியா சோதிக்காம சொல்லிட்டேன். கெட்டுப்போனது நம்ம குழாய்த் தண்ணி. கடைக்காரம்மா மேல எந்தக் குத்தமும் இல்ல." ஜன்னல்கள் திறந்தன. "இதை அன்னைக்கே பார்த்திருக்கக் கூடாதா?" என்று ஒருத்தி மாடியிலிருந்து கத்தினாள். "பார்த்திருக்கணும்மா" என்று மைக்கிலேயே சொன்னாள் பினாயிலம்மா.

நல அலுவலர் அவளை வரவழைத்து விளாசினார். விளக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தாள். சம்பள உயர்வு தள்ளிப்போயிற்று. அவளுக்கு அது பெரிதாகவே படவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். கைக்குழந்தையும் பிழைத்துக்கொண்டது. கடை திறந்த முதல் இரண்டு நாள் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அதன்பின் ஒரு மாலை, காலை உதறிப் போனாளே, அந்தத் தாயே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சற்றுத் தள்ளி நின்று பினாயிலம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரம்மா அந்தச் சின்னப் பெண்ணின் கன்னத்தைத் தடவினாள். அதன் பிறகு மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள்.

கூட்டம் குறைந்ததும் பினாயிலம்மா அருகே போனாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்படி இருக்கீங்கக்கா?"

"இருக்கேன் மேடம்." கடைக்காரம்மா மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க மைக்ல சொன்னது யாரும் செய்யாத காரியம். ஆனா உங்களைப் பார்த்தாலே அந்த வார்டு கண்ணு முன்னாடி வந்து நிக்குது. இந்தத் தெருவுக்கு வேற யாரையாவது அனுப்ப முடியுமா?"

"முடியும்க்கா" என்றாள் பினாயிலம்மா.

மறுநாள் காலை, மீன் மார்க்கெட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வாளரிடம் போய்த் தெருவை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். நாற்றத்துக்குப் பயந்து அந்த மார்க்கெட்டை யாரும் தொட மாட்டார்கள். அவன் ஆச்சரியப்பட்டான். "நல்ல தெருவாச்சே! ஏன் விடறீங்க?"

"அவங்க நிம்மதியா இருக்கட்டும்" என்று சொல்லி, பையை மாட்டிக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்கு நடந்தாள்.